பினாங்கில் சைக்கிள் விற்காத வருஷம்

1932ஆம் வருஷம் மார்ச் மாதம், பீச் ஸ்திரீட்டில் இருந்த ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் ஆபீசுக்கு லண்டனிலிருந்து கடிதம் வந்தது. கம்பெனியின் சைக்கிள்கள் முந்தைய இரண்டு வருஷங்களில் எங்கே எத்தனை விற்றன என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது: இலங்கை, பர்மா, சயாம், பினாங்கு. எல்லா இடத்திலும் விற்பனை இறங்கியிருந்தது. பினாங்கில் பாதிக்கும் கீழே போயிருந்தது. காரணம் எழுத வேண்டும். எழுதியது திருப்தி தராவிட்டால் சைக்கிள் பகுதி மூடப்படும். அந்தப் பகுதியில் இருந்த ஒரே கிராணி, அதாவது குமாஸ்தா, ஆர்தர். ஆபீசின் வெள்ளைக்காரத் துரை கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆர்தருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. சுங்கை பினாங் ஆற்றோரம் வாடகை வீடு, மனைவி அமலம்மாள், கான்வென்ட்டில் படிக்கும் இரண்டு பெண்கள். வேறு வருமானம் இல்லை.

எல்லோரும் சொன்ன காரணம் ரப்பர் விலை. ஆனால் இலங்கையிலும் ரப்பர் விளைகிறது; அங்கே விற்பனை கால்வாசிதான் குறைந்திருந்தது. ஆகவே ரப்பரை மட்டும் எழுத அவருக்கு மனம் வரவில்லை. பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. மற்ற மூன்றும் தேசங்கள். பினாங்கு ஒரு தீவு. ஜனத்தொகையால் வகுத்துப் பார்த்தார். தலைக்கு இத்தனை என்று கணக்கிட்டால், இறங்கிய பிறகும் பினாங்குதான் முதலில் நின்றது. சயாம் வெகு தூரத்தில் கடைசி. துரை அந்தத் தாளைப் பார்த்து அவர் தோளைத் தட்டினார். இது போதும், இதையே எழுது என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் லண்டன் கேட்டது ஏன் குறைந்தது என்று. இந்தத் தாளோ வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னது. மறுநாளிலிருந்து மூன்று நாள் ஆபீசுக்குப் போகும் முன் சுங்கை பினாங் பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றார். சைக்கிள் ஒன்று கடந்தால், வலது பையிலிருந்து ஒரு தீக்குச்சியை இடது பைக்கு மாற்றுவார். பத்துக்கு நான்கில் தம் கம்பெனியின் பித்தளை வில்லை இருந்தது. ஓடுகிறவை இத்தனை, புதிதாக விற்பவைதான் இல்லை.

பாலத்தருகே சைக்கிள் பழுது பார்க்கும் கார்த்திகேசுவிடம் கேட்டார்.

“உங்க சைக்கிள் சாகவே மாட்டேங்குது கிராணியாரே. அப்புறம் புதுசு யாரு வாங்குவா?” என்றான் அவன். தொங்கிக்கொண்டிருந்த ஒன்றைச் சுற்றிக் காட்டினான். செயின், ரிம், டயர், சீட்டு எல்லாம் மலிவான ஜப்பான் சாமான். சட்டமும் வில்லையும் மட்டும் கம்பெனியுடையவை. “இன்னும் பத்து வருசம் ஓடும் லா. ஜப்பான்காரன் இருக்கான், நான் இருக்கேன்.”

“அப்ப நான்?”

“நீங்க வில்லையைத் தொடச்சுக்கிட்டு இருங்க.”

ஆர்தருக்கு விஷயம் விளங்கியது. பினாங்கு எல்லோருக்கும் முன்னால், நிறைய வாங்கிவிட்டது. வாங்கியவை நின்று உழைக்கின்றன. முதல் தாளில் பெருமையாகத் தெரிந்ததுதான் குறைவுக்குக் காரணம். ரப்பர் விலை ஏறினாலும் பழைய விற்பனை திரும்பாது. இதை இரண்டாம் தாளில் எழுதினார்.

அமலம்மாளிடம் இரண்டையும் படித்துக் காட்டினார்.

“முதல் தாள் பொய்யா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“அப்ப அது போதுமே.”

“ஏன் குறைஞ்சுச்சுன்னு கேட்டிருக்கான், அமலம். யாரு முதல்லன்னு கேக்கல.”

“நம்ம பொண்ணுங்க கான்வென்ட்டுக்குப் போறதயும் அவன் கேக்கல.”

மறுநாள் இரண்டு தாளையும் துரையின் மேசையில் வைத்தார். துரையும் இரண்டாவதை விட்டுவிடலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஆர்தர் பேனாவை நீட்டியதைக் கண்டு இரண்டிலும் கையெழுத்திட்டார். இதைத் துணிச்சல் என்று சொல்லத் தோன்றவில்லை. சட்டையில் கறை பட்டால் சிலருக்கு இருப்புக் கொள்ளாது. பாதிப் பதில் ஆர்தருக்கு அப்படி.

ஜூலையில் பதில் வந்தது. நான்கு இடங்களிலிருந்து வந்த விளக்கங்களில் பினாங்கினுடையதே தெளிவானது என்று இரண்டு வரி. அதன்படி செப்டம்பர் முதல் பினாங்குக்குச் சைக்கிள் அனுப்புவது நிறுத்தப்படும். தலைக்குக் குறைவாக உள்ள சயாமுக்கு அவை போகும். ஆகஸ்டோடு ஆர்தருக்கு வேலை இல்லை.

அக்டோபரில் எதிர்க்கரையில் ரயில் சரக்குக் கொட்டகையில் கிராணியாகச் சேர்ந்தார். சம்பளம் பாதி. காலையும் மாலையும் ஃபெரி. மூத்த பெண் படிப்பை விட்டு, பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் தையல் பழகப் போனாள். இளையவள் மட்டும் கான்வென்ட்டில் தொடர்ந்தாள்.

அமலம்மாள் வெகுநாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து நடந்து வரும்போது கேட்டாள்.

“முதல் தாளை மட்டும் அனுப்பியிருந்தா?”

ஆர்தர் சொன்னார்: “அடுத்த கணக்குப் பாக்குற வரைக்கும், இன்னும் ஒரு வருசம் வேலை இருந்திருக்கும்.”

“பெரியவளுக்குப் படிப்பு முடிய அந்த ஒரு வருசந்தான் பாக்கி.”

“ஆமா” என்றார்.