போலீஸ் வீட்டுக்கு வந்த தட்டு

ஈப்போ நகரத்துச் சிலிபினில் அந்த வரிசை வீடுகளில் நல்லம்மாளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘போலீஸ் வீட்டம்மா’ என்றால்தான் தெரியும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், போலீஸ் ஜீப் தொழிலாளர் லயத்துக்குள் நுழைந்தால் சம்சுக் கள்ளச்சாராயப் போத்தலைத் தூக்கிக்கொண்டு புதர்ப்பக்கம் ஓடிய குடும்பத்துப் பெண் அவள். அவளையே கான்ஸ்டபிள் சன்னாசி வந்து கட்டிக்கொண்டு போனது லயத்துக்கெல்லாம் வேடிக்கை. பின்னால் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். சனங்கள் பிழைப்புத் தேடி ஈப்போவுக்கு வந்தபோது, அவர்களில் சிலர் அவளுக்கே அக்கம்பக்கமாக அமைந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வரிசையில் அவள் வீட்டில் மட்டும்தான் கலர் டிவி இருந்தது. கழுத்துச் சங்கிலியை விற்று வாங்கியது. யாராவது அதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், கேட்காமலேயே சங்கிலிக் கதையைச் சொல்லிவிடுவாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தமிழ் நாடகம். அந்த வருஷம் வந்த தொடர், லஞ்சம் வாங்கும் போலீஸ்காரர்களைப் பற்றியது. பார்க்க வருகிறவர்கள் வழக்கமான ஆட்கள்தான்: பக்கத்து வீட்டு மாரியம்மா, அவள் புருஷன் லோரி ஓட்டும் ராமையா, எதிர்வீட்டுக் கார்த்திகேசு. கார்த்திகேசு ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்தார். சன்னாசி மூலையில் உட்கார்ந்து பூட்ஸுக்கு மை தேய்த்துக்கொண்டிருப்பார்.

தீபாவளிக்கு முந்திய வாரம், நாடகத்து இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஒரு பழக்கூடை வந்தது.

“பார்த்தியா, பார்த்தியா!” ராமையா தொடையைத் தட்டினான். “மொதல்ல பழம்தான் வாங்குவானுங்க. அப்புறம் தோட்டத்தையே கேப்பானுங்க லா!”

“வாங்கினது அவனில்லை, அவன்ர மனுசி. வடிவாப் பாருங்கோ” என்றார் கார்த்திகேசு. “உதெல்லாம் மனுசிமாருக்குத் தெரியாமல் நடக்காது.”

எல்லார் கண்ணும் ஒரு கணம் நல்லம்மாள் பக்கம் போய்த் திரும்பின. யாரும் வேண்டுமென்று பார்க்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். சன்னாசி பூட்ஸ் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

அவர்கள் போனதும் சொன்னார்: “இந்த வருஷம் தீபாவளிக்கு யார் தட்டும் நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது.”

“முறுக்குக்குக் கூடவா சட்டம்?”

“ராமையா லோரிக்கு முன்லைட்டு ஒண்ணு எரியல. போன வாரம்தான் அபராதச் சமன் குடுத்தேன். நாளைக்கும் நிறுத்துவேன். அவன் வீட்டு முறுக்கைத் தின்னுட்டு எப்படி நிறுத்துறது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் நல்லம்மாளுக்குத் தொல்லை. நியாயம் இல்லாவிட்டால் சண்டை போட்டிருக்கலாம். மாரியம்மா சும்மா பக்கத்து வீட்டுக்காரியில்லை. நல்லம்மாள் டைபாய்டில் படுத்துக் கிடந்தபோது, எழுந்து நடக்கும்வரைக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தவள்.

தீபாவளிக் காலையில் மாரியம்மா வந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு, மேலே பூத்தையல் போட்ட துணி. முறுக்கு, அச்சு முறுக்கு, நெய்யுருண்டை. நல்லம்மாள் வாசலிலேயே நின்றாள்.

“அவரு… வேணாங்குறாருக்கா.”

“எதை வேணாங்குறாரு?”

“தட்டை. அந்த நாடகத்துல காட்டுறான் பாருங்க, அதனால…”

மாரியம்மா தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “சமன் குடுத்தது உன் புருஷன். கட்டுனது என் புருஷன். நான் ஏதாச்சும் பேசுனேனா? நல்ல நாளும் அதுவுமா தட்டைத் திருப்புறியே. சண்டைன்னா சண்டைன்னு சொல்லிட்டுப் போடு நல்லம்மா.”

துணியை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வியாழன் ஒருத்தரும் வரவில்லை. டிவி எதிரே புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். இன்ஸ்பெக்டர் இரண்டு கூடை வாங்கினார். திட்ட ஆள் இல்லை. திட்ட ஆள் இல்லாத நாடகம் உப்பில்லாத கறி மாதிரி இருந்தது. “இவன் அடிக்கிற சல்யூட்டைப் பாரேன், ஈ ஓட்டுற மாதிரி” என்று சன்னாசியே ஒரு கருத்துச் சொல்லிப் பார்த்தார். நல்லம்மாள் சிரிக்கவில்லை.

சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: “வாங்குனாத்தானே குத்தம்? குடுத்தா?”

சன்னாசி யோசித்தார். “குடுக்குறதுல என்ன இருக்கு?”

மறுநாள் அவள் அதிரசம் சுட்டாள். தட்டில் அடுக்கி, துணி மூடி, மாரியம்மா வாசலில் போய் நின்றாள்.

மாரியம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. “என்னாது?”

“அதிரசம்க்கா.”

“போலீஸ் வீட்டுது எங்களுக்கு எதுக்கு? நாளைக்கு ஏதாச்சும் பொய்ச்சாட்சிக்குக் கூப்பிடவா?”

“ஏசுங்க, பரவால்ல. ஆனா வாங்கிக்கிட்டு ஏசுங்க. கை வலிக்குது.”

மாரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை மறைக்க முடியாமல், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, “வெல்லம் பத்தல” என்று தீர்ப்புச் சொன்னாள். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஒரு குத்துச் சீனி இருந்தது.

நல்லம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்ன பார்க்குற? வெறுந்தட்டை யாராச்சும் குடுப்பாங்களா? வேணும்னா ஸ்டேஷனுக்கே கொண்டு போ.”

அவள் சீனியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சன்னாசியிடம் மறைக்கவில்லை, தனி டின்னில் போட்டு, என்ன ஏதென்று சொல்லிவிட்டே வைத்தாள். அவர் டின்னைப் பார்த்தார். மூடியை இறுக்கி மூடி வைத்தார்.

வியாழக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். நல்லம்மாள் அந்தச் சீனி முழுவதையும் கொட்டி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கினாள்.

ராமையா ஒரு வாய் குடித்துவிட்டு, “அண்ணே, இது எங்க வீட்டுச் சீனியாமே. குடிச்சிட்டு என்னை ரோட்டுல நிறுத்துவீங்களா?” என்றான்.

மாரியம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

சன்னாசி தன் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். “எனக்குக் கோசோங். சீனி இல்ல. லைட்டை மாத்திட்டியா?”

“நாளைக்கு மாத்துறேண்ணே.”

“அப்ப நாளைக்கு நிறுத்துறேன்.”

“இந்தாளை ஒண்டும் செய்யேலாது” என்றார் கார்த்திகேசு.

டிவியில் இன்ஸ்பெக்டர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். அவர் பெண்டாட்டி எழுந்து போனாள்.

“வாங்காதடி!” என்று கத்தினாள் மாரியம்மா.

நல்லம்மாள் சன்னாசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கருப்புத் தேத்தண்ணியை அவர் முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தார்.