பார்கவியம்மா வீட்டில் நான் வைத்த ஒப்பாரி

தொண்ணூறுகளில் தென்காசியிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த எங்களுக்கு, ஆரியசாலையில் தன் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தவர் பார்கவியம்மா. என் இரண்டு பிரசவத்துக்கும் வெந்நீர் வைத்து ஊற்றியவர் அவர்தான்.

அவர் இறந்த செய்தி நான் வேலை பார்த்த கடைக்கு வந்ததும், எங்கள் ஊர் வழக்கப்படி மாரிலடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். அந்த மலையாள வீட்டில் எல்லோரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பார்கவியம்மாவின் மகன் கைக்கடிகாரத்திலிருந்து நிமிர்ந்து, "மெல்ல. ஆளுங்க இருக்காங்க" என்றார். கூசிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

உடலை வண்டியில் ஏற்றும்போது மருமகள் என் கையைப் பிடித்தாள். "சேச்சி, நிறுத்தண்டாம், அழுங்க. அம்மைக்கு வேண்டி இங்க யாரும் அழல்ல."

வாயைத் திறந்தேன். குரல் எழும்பவில்லை. வண்டி போய்விட்டது.

இன்றும் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், யார் கிடந்தாலும், நான் அழுவது பார்கவியம்மாவுக்குத்தான்.