மறைநிலையும் அவர் நம்பரும்

எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது என்று நான் உறுதியாக நம்பிய ஒரு கோடை உண்டு. கேஸ்கட்டை மாற்றினேன். வெயிட்டை மாற்றினேன். அதற்கும் சரிப்படாமல், குக்கரைப் பையில் போட்டுக்கொண்டு தென்காசி பஜாரில் அதை வாங்கிய கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் பொறுமையாக அங்கேயே அடுப்பில் ஏற்றிக் காட்டினார். வெயிட் துள்ளியது, ஆவி பறந்தது.

"நல்லாத்தான டீச்சர் அடிக்குது?" என்றார்.

"இங்கன அடிக்குது. வீட்டுக்கு வந்தா அடிக்க மாட்டேங்குது" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கடையிலும் நான் பார்த்தது ஆவியை மட்டும்தான். சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

நான் பதினொன்றாம் வகுப்புக்கு வணிகவியல் நடத்துகிறவள். ஐம்பதைத் தாண்டியாயிற்று. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்தால் அது ஓய்வு பெற்ற பிறகும் போகாது. அடிக்கடி தும்முகிற ஒரு பாவப்பட்ட மனுஷர் 'தும்மல் சார்' ஆகவே ஓய்வு பெற்றார். நான் 'செவிட்டு டீச்சர்' ஆவதற்குத் தயாராக இல்லை. பின்பெஞ்சில் நடக்கும் கிசுகிசுப்பைக்கூடத் திரும்பிப் பார்க்காமலே பிடித்துவிடுவேன் என்று பேர் எடுத்தவள் நான். அந்தப் பேர் போய்விட்டால் வகுப்பும் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன். ஆகவே வீட்டில் மூச்சு விடவில்லை. வீட்டில் இருப்பது என் வீட்டுக்காரரும் மகளும்தான். மகள் சும்மா இருந்தாலும், அவள் வாட்ஸ்அப் சும்மா இருக்காது.

சரி, போனில் தேடலாம் என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். என் போன் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. மகள் எடுப்பாள், கேஸ் புக் பண்ண அவர் எடுப்பார். 'கா' என்று தட்டினாலே போன வாரம் தேடிய காராபூந்தி வரை வரிசையாக வந்து நிற்கும். அப்போதுதான் எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் டீச்சர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மறைநிலை என்று ஒன்று இருக்கிறது, அதில் தேடினால் ஒன்றுமே பதியாது என்று. தட்டினேன். திரை கறுத்து, தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு முகம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு தைரியம். அதன் கீழே என்னவோ எழுதியிருந்தது. கேள்வித்தாளை முழுசாகப் படி, முழுசாகப் படி என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற நான், அதைப் படிக்கவில்லை.

காதுக் கருவி விற்கிற ஒரு கம்பெனியின் இணையப் பக்கத்தில் இலவசப் பரிசோதனை என்று போட்டிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும், சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் கொஞ்சம் கேட்டது. பிறகு ஒன்றுமே வரவில்லை. நெட் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பரிசோதனை முடிந்தது, முடிவை அனுப்புகிறோம், பெயரும் வயதும் கைபேசி எண்ணும் கொடுங்கள் என்று வந்தது. மளமளவென்று அடித்து அனுப்பினேன். முடிவு எனக்கு வரவே இல்லை. மறைநிலை என்றால் முடிவும் மறைந்துவிடும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரரின் நடவடிக்கை மாறியது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். கடையில் கத்திப் பேசிப் பழகியவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து குளியலறைக்குள் இருந்தபடியே குடும்பம் நடத்தியவர். துண்டு, சோப்பு, கரண்டு பில், சொந்தக்காரர் வீட்டு விசேஷம், எல்லாம் உள்ளேயிருந்து சத்தமாகவே வரும். அப்படிப்பட்டவர், அடுக்களை வாசல் வரை நடந்து வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, "டீ போடுதியா?" என்று கேட்க ஆரம்பித்தார். பேசுவதற்கு முன்னால் டிவியை அமர்த்தினார். பின்னாலிருந்து கூப்பிடாமல் தோளைத் தொட்டார். இந்த மனுஷன் என்னவோ தப்புப் பண்ணிவிட்டார் என்று முடிவு கட்டினேன். சட்டைப் பையைக்கூட ஒரு நாள் துழாவிப் பார்த்தேன். போல்ட்டும் நட்டும்தான் இருந்தன.

ஒரு நாள் சாயங்காலம் மூன்று பேரும் டிவியில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. நரைத்த தலை அம்மா ஒருவர் காதுக்குப் பின்னால் எதையோ மாட்டிக்கொண்டு பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். அவசரமாக ரிமோட்டைத் தேடினேன். போனில் தேடியது டிவிக்கு எப்படி வந்தது என்று புரியவில்லை.

"நம்ம வீட்ல யாரு இதெல்லாம் தேடுதா?" என்றாள் மகள்.

"நாந்தான்ட்டி. கடையில மோட்டார் சத்தம் கேட்டுக் கேட்டு காது அடைக்க மாதிரி இருக்கு" என்றார் அவர்.

எனக்குப் போன உயிர் வந்தது. கூடவே அவர்மேல் பாவமாகவும் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வந்துவிட்டதே என்று அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதி வைத்தேன்.

ஜூலையில் குற்றாலத்தில் சீசன் களைகட்டியது. தென்காசிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போகமாட்டோம், அது வெளியூர்க்காரர்களுக்கு. ஒரு வேலை நாளில், பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மேலகரம் தாண்டும்போதே சாரல் முகத்தில் அடித்தது. பேரருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் உடை மாற்றும் அறைக்குள் போனேன், அவர் எங்கேயோ நின்று யாரோடோ பேசிவிட்டு அந்தப் பக்கம் போனார்.

அருவிக்கு அடியில் நிற்கிற சுகத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அன்று இன்னொரு சுகமும் இருந்தது. அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. எல்லோரும் கையைக் காட்டியும் வாயைக் கோணியும்தான் பேசிக்கொண்டார்கள். அத்தனை பேரும் என் கட்சி. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தால் ஒரு பெண் போலீஸ். சுற்றிலும் ஒருவரும் இல்லை. பெண்களெல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தப் பெண்ணின் உதட்டில் விசில் இருந்தது. ஊதிக்கொண்டுதான் வந்திருக்கிறார். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்த பிறகு, "தண்ணி கூடுதுக்கா" என்றார், என் முகத்துக்கு நேரே. அதட்டவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குற்றாலத்தில் போலீஸ் அதட்டாமல் பேசி நான் பார்த்ததில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு வெவரமெல்லாம் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார்.

நனைந்த துணியோடு அப்படியே நின்றேன். செத்துப் பிழைத்த பயம் கொஞ்சம், கோபம் அதைவிட அதிகம்.

சிப்ஸ் கடை வாசலில் அவரைப் பிடித்தேன். "அந்தப் பிள்ளட்ட என்ன சொன்னீங்க?"

"தொட்டுக் கூப்பிடச் சொன்னேன்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் போனை எடுத்து, வந்த அழைப்புகளைக் காட்டினார். ஒரே சென்னை நம்பர், திரும்பத் திரும்ப. "ஒம் பேரச் சொல்லி, மேடம் இருக்காங்களான்னு கேக்காங்க. டெஸ்ட் ரிசல்ட் சொல்லணுமாம். மே மாசத்துல இருந்து வெளிய போயிருக்கா, வெளிய போயிருக்கான்னு சொல்லிட்டுக் கெடக்கேன். போன்ல பேசுத பிள்ளதான் சொல்லுச்சு, மொகத்தப் பாத்துப் பேசுங்க, பின்னால இருந்து கத்தாதீங்கன்னு."

எனக்கு விளங்கிவிட்டது. ரேஷன் கார்டு, கேஸ், பேங்க், மகளின் பள்ளி, கல்லூரி என்று எங்கே எண் கேட்டாலும் நான் கொடுப்பது அவர் நம்பரைத்தான். கடைப் பலகையில் எழுதியிருக்கிற நம்பர். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் நம்பரைக் கேட்டால் இன்றைக்கும் போனைப் பார்த்துத்தான் சொல்வேன். தொப்பியும் கண்ணாடியும் போட்டு ஒளிந்துகொண்டு போய், என் ரகசியத்தை யாரிடம் மறைக்க நினைத்தேனோ அவர் நம்பரையே அடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நியாயமாக எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அதுக்காக ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிப்பீங்களா? போலீஸ்காரி வரைக்கும் சொல்லியாச்சு" என்று பாய்ந்தேன். அவர் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி என் கையில் கொடுத்தார். வீடு வரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். சிப்ஸை மட்டும் வழியிலேயே தின்று தீர்த்தேன்.

அதற்கு மேல் மகளிடம் மறைக்க முடியவில்லை. அவள் என் போனை வாங்கி, அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, நான் படிக்காமல் விட்டதை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்துக் காட்டினாள்.

"யம்மா, இது நம்ம போன் ஞாபகம் வச்சுக்காது, அவ்வளவுதான். நீ போற எடத்துல ஒன்னையப் பாப்பான், நெட்டு குடுக்கறவனுக்கும் தெரியும். டிவியும் போனும் ஒரே வைஃபைல கெடக்கு, அதுல மோப்பம் புடிச்சிருப்பான். இதெல்லாம் போக, நீயே பேரு, வயசு, நம்பர்னு எழுதிக் குடுத்தா, எந்தத் தொப்பி போட்டு என்ன செய்ய?"

"அப்ப இது எதுக்குத்தான் இருக்கு?"

"எங்கிட்ட இருந்து மறைக்க. அது நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு. எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலயே" என்றாள். அவளுக்கு அதில்தான் வருத்தம்.

திருநெல்வேலிக்குப் போய் டாக்டரிடம் காட்டினோம். கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகுமாம், குக்கர் விசில் மாதிரி, போலீஸ் விசில் மாதிரி. கருவி வாங்கி மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மறைப்பதில் ஏற்கெனவே நன்றாகச் சூடுபட்டிருந்ததால், நானே காட்டிச் சொல்லிவிட்டேன். பிறகு ஒருத்தி எழுந்து, "புளூடூத் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். வகுப்பே பொறாமையோடு பார்த்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பட்டப்பெயர் வைத்திருக்கலாம். கருவி போட்டும் அது இன்னும் என் காதில் விழவில்லை.

கம்பெனிக்காரர்களும் அழைப்பை நிறுத்தவில்லை. இப்போது என் பேரைச் சொல்லிக் கட்டிலும் மெத்தையும்கூட விற்கப் பார்க்கிறார்கள். அவர் இன்றைக்கும் அசராமல், நான் வெளியே போயிருப்பதாகச் சொல்கிறார்.

போன சீசனுக்கு மறுபடியும் பேரருவிக்குப் போனோம். கருவி நனையக் கூடாது. அருவிக்குள் போகுமுன் கழற்றிச் சின்னப் பெட்டியில் வைத்து அவரிடம் கொடுக்க வேண்டும். நான் துண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் பெண்கள் பக்கம் நின்றிருந்த போலீஸ்காரியிடம் போனார். இது வேறு பெண், வயதில் சின்னவர். அருவி இரைச்சலில் அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் அப்போது கருவியைக் கழற்றியிருக்கவில்லை.

"எம் வீட்டுக்காரிம்மா, அந்தா நிக்கா பாருங்க. தங்கமானவ, ஆனா சரியான வீம்பு புடிச்சவ. நீங்க விசில் ஊதினாலும் கேக்காத மாதிரியே நிப்பா. கோவப்படாதீங்க. பக்கத்துல போயித் தொட்டுக் கூப்பிட்டா வந்துருவா."

அவ்வளவுதான் சொன்னார். காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன தடவையும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாக அவர்மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

திரும்பி வந்தார். ஒன்றும் கேட்காதவள்போலக் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து அவர் உள்ளங்கையில் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டு, மேலே கையால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனார். அந்தச் சின்னப் போலீஸ்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் வீம்புக்காரி மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு அருவிக்குள் போனேன்.