நாலு விரல் பதித்த கார்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஜெர்மன்காரர் பல வருடமாக எனக்குக் காலை வணக்கம் சொன்னதில்லை. குப்பைத் தொட்டியடியில் நேருக்கு நேர் வந்தாலும், என் பையில் இருப்பது கண்ணாடிப் போத்தலா பழைய கடதாசியா என்று பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்க்கமாட்டார். இப்போது தினமும் வணக்கம் சொல்கிறார். எனக்கு அல்ல, காருக்கு. பொனற்றுக்கு மேலே ஒரு சாண் தள்ளிக் கையைப் பிடித்து, தொடாமல் தடவி, "மோர்கன்" என்கிறார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் கணவர் இதை நன்றாக வைத்திருக்கிறார்" என்கிறார். கார் என்னுடையது என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். தலையாட்டினார். அடுத்த வாரமும் கணவரைத்தான் பாராட்டினார். இப்போது நான் திருத்துவதில்லை. இந்த நாட்டில் ஒரு மனிதர் மனதில் பதிந்ததை மாற்றுவதற்கும் அன்ட்றாக் என்று ஒரு விண்ணப்பம் போடவேண்டும் போலிருக்கிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது நீண்ட மூக்கும் பெரிய எஞ்சினுமாக அமெரிக்கர்கள் ஒரு காலத்தில் செய்து தள்ளிய கார். மசில் கார் என்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பே செய்தது. ஐம்பது வயது தாண்டிய, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே எல்லாரும் கேட்டாயிற்று, நீங்களும் வரிசையில் நில்லுங்கள். என் அப்பா வாடகைக் கார் ஓடியவர். யுத்தகாலப் பெற்றோல் தடையில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவது என் வேலை. அவர் ஓட்டுவார், நான் தள்ளுவேன். அந்தக் காரை நினைத்து உருகுகிறேன் என்று எண்ணவேண்டாம். அது நாறும், ஒன்பது பேரை ஏற்றும், மேட்டில் நிற்கும். தள்ளத் தேவையில்லாத ஒரு கார் வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். பிள்ளைகள் படித்து வேறு நகரங்களுக்குப் போனபின் வாங்கினேன்.

நம்மவர்கள் கீழ்வீட்டுக்காரரைவிட ஒரு படி மேல். கோயிலடியில் என்னைத் தாண்டி நேரே என் கணவரிடம்தான் போவார்கள்.

"வரதண்ணை, சாமான் நல்லா இருக்கு. எவ்வளவு குடிக்குது?"

"எனக்குத் தெரியாது. அது அவவின்ரை. அவவைக் கேளுங்கோ."

நல்ல பகிடி சொன்னவரைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்பார்கள்.

அந்தக் காரில் ஒரே ஒரு குறை. அதில் என் கணவரால் உட்கார முடியவில்லை. வரதனுக்கு முள்ளந்தண்டின் அடியில் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. இங்குள்ள வைத்தியர்கள் அதை எடுப்பதைவிட விட்டுவிடுவது நல்லது என்றார்கள். ஷெல் விழுந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அதன்பிறகு நடந்ததைத்தான் எப்போதாவது சொல்வார். உழவு இயந்திரப் பெட்டியில் பாயைப் போட்டுக் கிடத்தி, கிடங்கும் பள்ளமுமான வீதியால் கொண்டு போனார்கள். பெட்டிக்கு ஏது ஸ்பிரிங்? ஷெல் ஒருதரம்தான் அடித்தது, றோட்டு ஆசுப்பத்திரி வரும்வரைக்கும் அடித்தது என்று ஒருநாள் சொன்னார்.

நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் தலைமுறை தலைமுறையாக நிலக்கரி தோண்டிய ஊர். அடியில் பொந்து, மேலே வீடும் வீதியும். அதனால் சில வீதிகள் அங்கங்கே இறங்கி, அலை அலையாகக் கிடக்கும். ஜெர்மனி என்றால் கண்ணாடி போல வீதி என்று படம் அனுப்புகிறவர்கள் எங்கள் பக்கம் வந்து எடுப்பதில்லை. என் காரின் பழைய சுருள்கள் தொய்ந்துபோயிருந்தன. ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடுத்த சந்திவரைக்கும் குதிக்கும். வாங்கிய அன்று வரதனை ஏற்றிக்கொண்டு போனேன். மூன்றாவது தெருவில், "நிப்பாட்டும்" என்றார். முகம் வெளிறியிருந்தது. "நீர் ஓடிப்போட்டு வாரும். நான் ட்ராமிலை வாறன்."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகவே ஓடினேன். பக்கத்து இருக்கையில் என் கைப்பை இருந்தது. ஆசைப்பட்டு வாங்கிய பொருளில் அவர் இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. அவரைப் பக்கத்தில் வைத்து ஓடவேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் கொய்லோவர் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். சுருள் ஸ்பிரிங்கையும் அதன் துள்ளலை அடக்கும் தண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சாமான் அது. தண்டின் உடம்பில் மரை வெட்டி ஒரு வளையம் போட்டிருப்பார்கள். வளையத்தை ஏற்றினால் கார் உயரும், இறக்கினால் பதியும். ஒரு குமிழும் உண்டு. ஒரு பக்கம் திருகினால் இறுகும், மறுபக்கம் இளகும். மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டு, வளையத்தால் உயரத்தைத் தூக்கி, குமிழை இளக்கிவிட்டால் பள்ளத்தைக் கார் விழுங்கும், ஆளின் முதுகுக்குப் போகாது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் இதை விற்பவருக்குப் புரியவைப்பதற்கு வேண்டும்.

விற்பவர் பழைய அமெரிக்கக் கார்களுக்கென்றே கடை வைத்திருக்கும் ஹெர் பிறிங்மான். கவ்போய் தொப்பி போட்டிருந்தார். அமெரிக்காவுக்கு ஒருமுறை போய் வந்தவராம்.

"உங்கள் கணவர் எவ்வளவு தாழ்த்த விரும்புகிறார்?" என்றார்.

"கார் என்னுடையது. தாழ்த்த வேண்டாம்."

"முன்பக்கம் மட்டும்?"

"எந்தப் பக்கமும் வேண்டாம். இருக்கிற உயரத்திலேயே நிற்கட்டும். மெல்லிய ஸ்பிரிங், மேலும் கீழும் நிறைய இடம்."

"அதற்கு யாரும் இதை வாங்குவதில்லை."

"நான் வாங்குகிறேன்."

"ஆனால் யாரும் வாங்குவதில்லை" என்றார் மறுபடியும், நான் ஏதோ சட்டத்தை மீறப்போவது போல. பிறகு, ஓட்டப் பந்தயத் திடலுக்குக் கொண்டு போவீர்களா என்று கேட்டார். முதியோர் இல்லத்துக்குக் கொண்டு போவேன் என்றேன். என் வேலை அங்கே என்று சொல்லவந்தேன். அதற்குள் அவர் முகம் இறுகிவிட்டது. நோயாளிகளை ஏற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும், அதற்கு இந்த வகைக் கார் பொருந்தாது என்று நிதானமாக விளக்கினார். நான் அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய கடைச் சுவர் முழுக்க நிலத்தோடு ஒட்டிய கார்களின் படங்கள். எது நல்லது என்று கேட்டால் எது கடினம் என்று காட்டுகிறார்கள். முதுகில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தால்தான் கார் 'பேசுகிறதாம்'. பிறந்ததிலிருந்து தட்டையான வீதியில் உருண்டவர்களுக்குத்தான் குலுக்கம் ஒரு பொழுதுபோக்கு. அதைக் காசு கொடுத்து வாங்கி, பிறகு அந்த முதுகைத் தேய்த்துவிட வைத்தியரிடம் டெர்மின் எடுத்து நாள் குறிக்கிறார்கள். நான் கேட்டதை வேண்டாவெறுப்பாக எடுத்துத் தந்தார். பூட்டித் தருவதற்கு அவர் தந்த டெர்மின், ஊன்ட்றொப்பில் நம்மவர்கள் கட்டிய அம்மன் கோயில் தேருக்குப் பிறகு. எனக்குத் தேருக்கு முன் வேண்டும். அந்த வருடம் வரதனை என் காரில் தேருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அதனால் சாமான்களைச் சுதனிடம் கொண்டுபோனேன்.

சுதன் ஊர் எல்லையில் கராஜ் வைத்திருக்கும் நம்மவர். நாற்பது வயது. கலியாணங்களுக்கும் சாமத்தியவீடுகளுக்கும் வாடகைக்கு விடும் அவருடைய கார் நிலத்தோடு அவ்வளவு பதிவு, றோட்டில் கிடக்கும் சிகரெட் துண்டும் முட்டும். நான் சொன்னதையெல்லாம் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று கேட்டார். கவனமாகத்தான் பூட்டினார், அதில் குறை சொல்லமாட்டேன். வாகனப் பரிசோதகர் கராஜுக்கே வந்து உயரத்தை அளந்து, வளையம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பதிந்து, கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு சுதன் தன் அன்பைக் காட்டத் தொடங்கியிருக்கிறார்.

தேரன்று காலையில் காரை எடுக்கப் போனேன். கார் வயிற்றை நிலத்தில் வைத்துக்கொண்டு கிடந்தது.

"அக்கா, பாருங்கோ. நாலு விரல் பதிச்சிருக்கிறன். குமிழையும் நல்லா இறுக்கி விட்டனான். இண்டைக்கு ஊன்ட்றொப்பிலை எல்லாரும் உங்கடை காரைத்தான் பாப்பினம்."

"நான் பதிக்கச் சொன்னனானோ?"

"நீங்கள் கேக்க மாட்டியள் எண்டு தெரியும். அதுதான் நானாச் செய்தனான்."

"இப்ப ஏத்தி விடும்."

"இப்ப ஏலாது அக்கா, நானும் தேருக்கு வெளிக்கிடுறன். கூலி ஒண்டும் வேண்டாம். நீங்கள் எங்கடை அக்கா."

நம் ஆட்களிடம் வேலை கொடுத்தால் கேட்டது கிடைக்காது. அவர்கள் உங்கள் மேல் வைத்திருக்கும் அன்புக்கு ஏற்றதுதான் கிடைக்கும். கடைக்கார ஜெர்மன்காரர் நான் கேட்டதை விற்கத் தயங்கினார், இவர் நான் கேட்காததை இலவசமாகத் தந்தார். கூலி வாங்காதவரை ஏசுவதற்கு நம் பழக்கத்தில் வழியும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காரில் ஏறினேன்.

வீட்டு வாசலில் வரதன் பட்டு வேட்டி கட்டி, திருநீறு பூசி நின்றார். சுதன் பதித்துவிட்டான், ரயிலில் போவோம் என்றேன். "பரவாயில்லை. புதுச் சாமான்தானே, ஏறுவம்" என்றார். அவருக்கு ஆசை. எனக்காகவும் ஆசைப்பட்டார், அது எனக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியவில்லை. வெளியேறி, ஒரு பாலத்தில் ஏறும் இடத்தில் வீதியில் ஒரு சின்ன மடிப்பு. கீழே போக இடமில்லாமல் கார் டொக்கென்று அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டார். எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. அவரை இந்த வீதியிலும் அந்த உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டேனே என்று இருந்தது. மிச்சத் தூரத்தை நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். பின்னால் நம்மவர்களின் கார்கள் ஹோர்ன் அடித்தன.

கார் நிறுத்தும் புல்வெளியில் வரதனை மடக்குக் கதிரையில் நிழலாக இருத்தினேன். டிக்கியில் சாமான்களோடு வந்த, வளையத்தைத் திருகும் வளைந்த சாவி இருந்தது. ஜக்குக்குக் கீழே பலகை வைத்து முன்சில்லைத் தூக்கி, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். இலையான் மொய்ப்பது போல ஆட்கள் மொய்த்துவிட்டார்கள். சாவியைக் கண்ணால்கூடக் கண்டிராதவர்கள் எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று சொன்னார்கள். ஒருவர் எஞ்சினில் என்ன பிழை என்று கேட்டார். நேர்த்திக்கடனா என்று விசாரித்தார் ஒரு அம்மா. ஒரு ஜெர்மன்காரி இது திருவிழாவின் ஒரு பகுதி என்று நினைத்தாளோ என்னவோ, மரியாதையாகத் தள்ளிநின்று படம் எடுத்தாள்.

"சீலையோடையோ அக்கா?" என்றார் ஒரு தொந்திக்காரர்.

"கழட்டிப்போட்டோ செய்யச் சொல்லுறியள்?"

அவர் தேர்ப் பக்கம் போய்விட்டார். மற்றவர்கள் நகரவில்லை. அப்போதுதான் கதிரையில் இருந்து வரதனின் குரல் வந்தது.

"அவ செய்வா. அவவின்ரை கார். நீங்கள் போய்க் கும்பிடுங்கோ."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஒவ்வொரு சில்லாகத் தூக்கி, பரிசோதகர் பதிந்த அடையாளம்வரை வளையத்தை ஏற்றி, குமிழை இளக்கினேன். கைவிரலில் தோல் போனது. அந்தப் பக்கம் மேளமும் அரோகராவும் கேட்டன. அம்பாள் ஸ்பிரிங் இல்லாத தேரில் ஊர்வலம் போய்த் திரும்பியும் வந்துவிட்டா. நான் பார்க்கவில்லை. அந்தத் தேருக்காகத்தான் இவ்வளவும் என்றாலும் எனக்கு அது கவலையாக இல்லை.

திரும்பும்போது வேண்டுமென்றே அதே பாலத்தால் வந்தேன். மடிப்பு வந்தது. காரின் மூக்கு ஒருமுறை மெல்லத் தாழ்ந்து எழும்பி அடங்கியது. வரதன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்டுமே தெரியேல்லை" என்றார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உரக்கச் சிரித்தேன். நெடுஞ்சாலையில் ஏறியபின், வாயைக் கட்ட முடியாமல், ஊரில் உங்களைப் பெட்டியில் கொண்டுபோன அந்த றோட்டிலும் இந்தக் காரை ஓடலாம் என்றேன்.

"எந்த றோட்டு? அதெல்லாம் இப்ப தார் போட்ட காப்பற் றோட்டு. மருமகன் வீடியோ அனுப்பினவன், கண்ணாடி மாதிரிக் கிடக்கு. அங்கை பெடியள் எல்லாம் காரைப் பதிச்சுக்கொண்டு திரியிறாங்கள்."

அந்த வீதியை நினைத்துத்தான் இந்த ஸ்பிரிங்கைத் தேடி எடுத்தேன், இரண்டு நாட்டு ஆட்களோடும் சண்டை பிடித்தேன், புல்லில் உட்கார்ந்து விரலைக் கிழித்தேன். அதன்மேல் தார் போட்டு எவ்வளவு காலமோ. என்னிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

வரதன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நெடுஞ்சாலை தட்டையாகத்தான் கிடந்தது, காரில் ஒரு அசைவும் இல்லை. இருந்தும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்து, உடம்பை இருக்கையிலிருந்து ஒரு விரல் தூக்கி, அங்கே இல்லாத ஏதோ ஒரு பள்ளம் கடந்து போகும்வரை காத்திருந்து, மறுபடியும் மெதுவாக உட்கார்ந்தார். அந்த இடங்களில் நான் வேகத்தைக் குறைத்தேன்.