டிரைவர் அண்ணனின் ஹார்ன்

விட்டு விட்டு இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. வேன் ஊர் எல்லையைத் தொட்டதும் டிரைவர் அண்ணன் அப்படித்தான் ஹார்ன் அடிப்பார். சோழவந்தான் பக்கத்து ஊர்களில் வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கிளம்பியவர்கள்கூட, "கண்ணு வண்டி வந்திருச்சு" என்று நின்றுவிடுவார்கள். நானும் கணக்கெடுப்பு ஃபைலை எடுத்துக்கொண்டு இருக்கையிலிருந்து எழுந்துவிடுவேன்.

நாட்டில் எத்தனை பேருக்குக் கண் அழுத்த நோய் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை எங்களுடையது. மதுரையைச் சுற்றிய ஊர்கள் எங்கள் பங்கு. குலுக்கலில் விழுந்த தெருக்களில் நாற்பதைத் தாண்டியவர்களை வேனுக்கு அழைத்து வந்து பரிசோதிக்க வேண்டும். வலியே இல்லாத நோய். ஓரப் பார்வையைக் கரையான் போல அரித்துக்கொண்டே வரும். நேர்ப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். அதனால், "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று வர மறுப்பவர்களே அதிகம். அவர்களைச் சம்மதிக்க வைப்பதில் அண்ணன் பெரிய கைகாரர். "கொடிக்கால்ல நோவு விழுந்தா, எலை வாடுன பெறகா மருந்தடிப்பீக மாமா?" என்பார். வீம்பு பிடித்த மனிதர் சிரித்துக்கொண்டே வேனில் ஏறிவிடுவார். எனக்கு அந்த வாய் வராது, பொறாமையாக இருக்கும்.

அவர் மட்டும் வேனிலிருந்த கண் பரிசோதனைக் கருவியின் முன் உட்கார்ந்ததே இல்லை. எங்களோடு வரும் டாக்டரம்மா கூப்பிட்டால், "பழங்காநத்தத்துல எங்க தெரு குலுக்கல்ல விழட்டும்மா, வாரேன்" என்று நழுவிவிடுவார். நானும் விடாமல் நச்சரித்தேன். ஒருநாள் பரவை ரோட்டில், எதிரே வெகு தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டைக் கடகடவென்று வாசித்துக் காட்டினார். "பாத்தியா தாயி? கண்ணு தெரியாதவன் கையிலயா இம்புட்டு நாளா உசுரைக் குடுத்துட்டு உக்காந்திருக்கீக?" வேன் முழுக்கச் சிரிப்பு. கொஞ்ச தூரம் போனதும் இடப்பக்கம் பைக்கில் வந்தவனிடம், "எங்கேயிருந்துய்யா மொளைக்கிறீங்க?" என்று சத்தம் போட்டார். ஓரத்தில் வந்தவன் திடீரென்று முளைத்ததாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரும் அதை நோய் என்று நினைக்கவில்லை, ரோட்டின் லட்சணம் என்றே நினைத்தார்.

கணக்கெடுப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போனோம். சில வருடங்கள் கழித்து இப்போது இன்னொரு கணக்கெடுப்பு. குலுக்கலில் அவருடைய தெருவே விழுந்தது. அண்ணனைப் பார்க்கப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் முதல் ஆளாக அவர் வீட்டுக்குத்தான் ஓடினேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கூப்பிட்ட குரலைத்தான் பிடித்துக்கொண்டார்.

"தாயி, நீயா? ஒருவழியா விழுந்துருச்சா எங்க தெரு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கையைப் பிடித்து வேனுக்கு அழைத்து வந்தேன். போன பார்வை திரும்பாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊர் ஊராக எங்களோடு அதைக் கேட்டவர்தானே. பரிசோதித்துவிட்டு, மிச்சத்தையாவது காப்பாற்றச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நாட்டின் கணக்கில் அவரும் ஒருவரானார்.

கிளம்பும் நேரத்தில், "டிரைவர் சீட்டுல செத்த நேரம் உக்காந்துக்கவா?" என்று கேட்டார். புது டிரைவர் இறங்கி இடம் கொடுத்தார். நான் பின்னால் என் இருக்கையில் இருந்தேன். அண்ணன் ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்து, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விட்டு விட்டு இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. அந்தப் பரவை ரோடும் அந்தச் சிரிப்பும் எனக்கு மறுபடி வேண்டும் போலிருந்தது. அவருடைய தெருவில் அந்தச் சத்தம் யாருக்கும் தெரியாது. ஒரு கதவும் திறக்கவில்லை. நான் மட்டும் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.