மேல் மாடியா, கீழ் வீடா

அப்பா கொழும்பிலிருந்து திரும்பிய அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் யாராவது ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா நடந்துகொண்டே சாப்பிட்டார். அம்மா ஒரு சட்டியை எடுத்துவிட்டு எதற்காக எடுத்தோம் என்று மறந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் என்னாலும் ஒரு பாடம் முழுவதும் வாங்கில் உட்கார முடியவில்லை.

எல்லாம் ஒரு வீட்டால் வந்த வினை. இலங்கை சுதந்திரமடைந்து ஏழெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது. மலைநாட்டுக் கொட்டகலைக் கடைவீதியில் எங்களுக்கு அரிசி, பருப்பு, பூப்போட்ட சீத்தைத் துணி எல்லாம் விற்கும் கடை ஒன்று இருந்தது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது எங்கள் வீடு. அப்பாவும் கொழும்பில் வியாபாரம் செய்த அவருடைய கூட்டாளிகள் இருவரும் சேர்ந்து வெள்ளவத்தையில் ஒரு துண்டு நிலம் வாங்கி, மூன்று அடுக்காக ஒரு கட்டடம் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஓர் அடுக்கு. கீழே ஒரு குடும்பம், நடுவில் ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம்.

இதை அம்மாவுக்கு விளங்க வைக்க அப்பா டிபன் கேரியரைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். அம்மா நடுத்தட்டைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"இதுக்குள்ள காத்து எங்கிட்டுங்க வரும்?"

"ஜன்னல் இருக்குது."

"நம்ம தலைக்கு மேல யாரு இருப்பாங்க?"

"அது நாம எதை எடுக்கிறோம்கிறதைப் பொறுத்தது" என்றார் அப்பா. அதுதான் பிரச்சினையே. எந்த அடுக்கு யாருக்கு என்று இன்னும் தீரவில்லை. மாதக் கடைசிக்குள் அப்பா போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். முப்பது வருடம் கடை நடத்தி, துணியில் ஓர் அங்குலம் பிசகாமல் கிழித்துக் கொடுத்தவர் அப்பா. வாழப்போகும் வீட்டைச் சீட்டில் விட அவருக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவர் கடையின் கஜக்கோலையும் என்னுடைய வெண்கட்டியையும் எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் புகுந்தார். அரிசி மூட்டைகளைச் சுவரோரம் தள்ளச் செய்து, வெள்ளவத்தை வீட்டைச் சிமெண்டுத் தரையில் நிஜ அளவிலேயே வரைந்தார். முதலில் நடு அடுக்கு. அம்மா அதில் சமையலறைக்குள் போய் நின்றாள். ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "அடுப்பு எரிஞ்சா என் முந்தானையில பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கோட்டைத் தாண்டி வந்ததால் அப்பாவுக்குக் கோபம். "வாசல் வழியா வா!" என்று கத்தினார். என் தம்பி எல்லாச் சுவர்களுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தான்.

நடு அடுக்கு அத்துடன் அழிக்கப்பட்டது. மிஞ்சியவை கீழ் வீடும் மேல் மாடியும்.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருடமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு எங்களிடம் வந்தவள். வீட்டில் பாதி வேலை அவளுடையது. அப்பா சரக்கெடுக்க வெளியூர் போகும் நாட்களில் கல்லாவிலும் அவள்தான் உட்காருவாள். கடைவீதியில் சிலர் அதற்கு முகம் சுளித்தார்கள். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அந்த நாட்களைக் கேட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். சாயம் போகிற துணியை யாராவது ஆசையாகத் தூக்கினால், "அது வேணாம்மா, தண்ணியைக் கண்டா அழுதுரும்" என்று அத்தை திரும்ப வாங்கி மடித்து வைப்பாள். அப்பா வந்ததும் அதற்கு ஒரு சண்டை நடக்கும்.

நாங்கள் கொழும்புக்குப் போனதும் கடையைப் பக்கத்து இரும்புக்கடை முஸ்லிம் பெரியவருக்கு, நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுபவருக்கு, கொடுத்துவிடுவது என்று பேச்சு. நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்க நானாவுக்கு ரொம்ப நாளாக எண்ணம். அத்தையைப் பற்றித் தனியாக எந்தப் பேச்சும் இருக்கவில்லை. நாங்கள் போகும் இடத்துக்கு அவளும் வருவாள். அது பேச வேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

கீழ் வீடு பெரியது. மூன்று அறைகள், பின்னால் முற்றம், கிணறு, கிணற்றடியில் தனியாக ஒரு சின்ன அறை. சாமான் அறை அதற்குப் போதவில்லை. சமையலறை வரைக்கும்தான் உள்ளே அடங்கியது. முற்றமும் கிணறும் பின்வாசலைத் தாண்டி எங்கள் கொல்லைக்குப் போய்விட்டன. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் வெண்கட்டி நிற்காது. அப்பா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போய், அந்தச் சின்ன அறையின் நான்கு மூலைக்கும் நான்கு கல்லை வைத்தார்.

"அத்தை, இது உங்க காம்பரா!" என்று நான் கத்தினேன். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அதுவரை அத்தை எங்களோடு ஒரே அறையில்தான் படுத்திருந்தாள். அவளுக்கென்று கதவு வைத்த ஓர் அறை!

அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கிப் போய் அந்த நான்கு கல்லுக்கு நடுவில் நின்றாள். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஏண்ணே, இங்கருந்து பாத்தா ரோடு தெரியுமா?"

"பின்பக்கத்துல ரோடு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் கெணறு, அந்தப் பக்கம் அடுப்படி. உனக்கு வேலைக்கு வசதி" என்றார் அப்பா. அவர் அதை அன்பாகத்தான் சொன்னார்.

அத்தை சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து கால் கழுவினாள்.

அன்று மாலையே அவள் மேல் மாடிக் கட்சிக்குப் போய்விட்டாள்.

முதலில் அம்மாவைப் பிடித்தாள். எங்கள் ஊரில் அம்மாவுக்கு ஒரே எதிரி ஈரம். வருடத்தில் பாதி நாள் துணி காயாது. அப்பளம் பூசணம் பிடிக்கும். வடகம் போட்டால் காய்வதற்குள் புளித்துவிடும். அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி காய வைத்து, நாங்கள் எல்லோரும் புகை நாற்றத்தோடு பள்ளிக்கூடம் போவோம். அத்தை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கியபடி பேச்செடுத்தாள்.

"அண்ணி, மேல மொட்டை மாடி இருக்காமே. கொழும்பு வெயிலு. காலைல மிளகாயை விரிச்சா சாயந்தரம் இடிச்சுரலாம்."

அம்மாவின் கை நின்றது.

"தலைக்கு மேல ஒருத்தரும் கெடையாது. சாமியும் வானமுந்தான்."

"படி ஏறணுமே..."

"ஏன், இந்த மலையில நாம ஏறாத படியா?"

மறுநாள் காலையில் அம்மா மேல் மாடிக்காரி ஆகியிருந்தாள். இத்தனைக்கும் முந்தின நாள்தான் கிணறு இல்லாத வீட்டில் காலே வைக்க மாட்டேன் என்றவள்.

அப்பா அவ்வளவு சுலபமாக அசையவில்லை. அவருக்கு மண்ணில் கால் பட வேண்டும். சாமான் வந்தால் இறக்க இடம் வேண்டும். அவரிடம் அத்தை வாதாடவே இல்லை. சோறு பரிமாறும்போது யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கெணறு கீழதான இருக்குது. மூணு வீட்டு வாளியும் உங்க முத்தத்துலதான் வந்து விழும், இல்லண்ணே? நல்லதுதான், பேச்சுத் துணைக்கு ஆளிருக்கும்."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். இரண்டு கூட்டாளிகளுடைய பெண்டு பிள்ளைகளும் தன் முற்றத்தில் துணி துவைப்பதை அவர் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, சாமான் அறைக்குப் போய், கீழ் வீட்டைக் கோணித் துண்டால் துடைத்துவிட்டு மேல் மாடியை வரையத் தொடங்கினார். அடுத்த நாள் அதையும் அழித்துவிட்டு மறுபடி கீழ் வீட்டை வரைந்தார். அதற்கும் அடுத்த நாள் மறுபடி மேல் மாடி. கடைக்கு வந்தவர்கள் அரிசிக்காகக் காத்து நின்றார்கள். என் வெண்கட்டிகள் தீர்ந்து, என் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வர அப்பா என்னையே அனுப்பினார். கேட்டேன், முறைத்துவிட்டுக் கொடுத்தார்.

கடைசியில் மேல் மாடி நின்றுவிட்டது. இரண்டே அறைகள், ஒரு கூடம், சமையலறை, வெளியே மொட்டை மாடி. நான் எல்லோருக்கும் பாய் விரித்துப் பார்த்தேன். அப்பா அம்மாவுக்கு ஓர் அறை. எனக்கும் தம்பிக்கும் ஓர் அறை. அது இரண்டு பாய்க்குமேல் கொள்ளவில்லை. கூடத்தில் அப்பாவின் மேசையும் சாமான்களும். நான் நிமிர்ந்து கேட்டேன்.

"அத்தை எங்க படுக்கும்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியின் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். அந்த ஒரு வாரமாக இரண்டு பெரியவர்கள் அளந்து அளந்து பார்த்தும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனது, நான் கேட்ட பிறகுதான் தெரிந்தது போலும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா கையிலிருந்த வெண்கட்டியைப் பிடுங்கி, மாடிப்படி ஏறி வந்து சேரும் இடத்தில் ஒரு கட்டம் போட்டேன். "இங்க! இங்க அத்தைக்கு!"

அத்தை வந்தாள். என் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு பாதத்தால் அதைத் தேய்த்து அழித்தாள். கோபமாக அல்ல; தரையில் சிந்திய மாவைத் துடைப்பதுபோல.

"வழியில படுத்தா ஆளுங்க மிதிப்பாங்கடி" என்றாள்.

அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. எனக்காக அல்ல, அவளுக்காகத்தான் நான் அழுதேன். அவளே அதை அழித்துவிட்டாள் என்பது எனக்கு ஆறவில்லை.

அப்பா அடுத்த இரண்டு நாளும் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். தங்கச்சியைப் படிக்கட்டில் படுக்க வைத்தான் என்று ஊர் பேசும். கீழ் வீட்டுக்குத் திரும்பினால் அம்மாவின் மொட்டை மாடி போய்விடும். மூன்று வீட்டு வாளியும் வந்து விழும். அத்தை அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், விளக்குத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னைப் பத்தி யோசிக்காதீங்கண்ணே. சாமானெல்லாம் ஏத்தி முடிக்கிற வரைக்கும் இங்க யாராச்சும் இருக்கணும்ல, நான் இருக்கேன். பொறவு நீங்க பாத்து எது சொன்னாலும் சரி."

அதற்குமேல் அப்பாவே யோசித்தார். சரக்கு இன்னும் நிறைய இருக்கிறது. கடையை அவசரமாகக் கொடுத்தால் நஷ்டம். வீடும் கடையும் ஒன்றுதான். தங்கச்சிக்குத் தங்க இடம் தேட வேண்டியதில்லை; கல்லாவையும் அவளே பார்த்துக்கொள்வாள். கொழும்பிலிருந்து சரக்கை அவரே ரயிலேற்றிவிடலாம். இதெல்லாம் தன் தலையில் உதித்த யோசனை என்ற பெருமையோடு நானாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நானா வந்து, தேநீரைக் குடித்துவிட்டு, அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டார். "தங்கச்சிக்காக இந்தக் கடையை இப்போதைக்கு விடல" என்று அப்பா முடித்தார். நானா சாமான் அறைக் கதவு வழியே தரையில் கிடந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். பிறகு கல்லாவில் நின்ற அத்தையைப் பார்த்தார். ஏமாற்றத்தோடு கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"ஏன் தங்கச்சி, வீட்டை அளந்தது ஒங்க அண்ணனா, நீங்களா?"

"எனக்கென்ன நானா தெரியும்? நான் துணி அளக்கிறவ."

நானா வாய்விட்டுச் சிரித்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அத்தையைக் கேலி செய்கிறார் என்று நினைத்து அவரை முறைத்தேன்.

கட்டடம் முடிந்து நாங்கள் ரயிலேறிய நாள், தோட்டங்களில் சம்பளம் போட்டுக் கடைவீதி நிறையும் ஒரு சனிக்கிழமை. அம்மா அழுதாள், நான் அழுதேன், ஏன் என்று தெரியாமல் தம்பியும் அழுதான். அத்தை எங்கள் நெற்றியில் திருநீறு பூசினாள். பச்சைக்கொடி காட்டும் முன்பே, "கடையில ஆளு வந்து நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு வேகவேகமாக நடந்துவிட்டாள். ஜன்னலில் தலையை நீட்டிக் கையசைக்க நான் தயாராக இருந்தேன். யாருக்கு அசைப்பது?

தீபாவளிக்கு அவள் கொழும்புக்கு வந்தாள். எனக்குப் பச்சைச் சீத்தையில் பாவாடை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் மேசையை நகர்த்தி அவளுக்குப் பாய் விரித்தோம். அவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. மொட்டை மாடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பாள். கீழே தெருவில் போகிற துணிக்காரனைக் கூப்பிட்டு, வாங்காமல் விலை மட்டும் கேட்பாள். கடலைக் காட்டினேன், "ம், பெரிசுதான்" என்றாள். மூன்றாம் நாள் காலையில் நான் எழுந்தபோது பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"அத்தை, கீழ் வீட்டை எடுத்திருந்தா உங்களுக்குன்னு ஒரு காம்பரா இருந்திருக்கும்."

அத்தை என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஆமாண்டி, இருந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அழுகையை அடக்கத்தான் அத்தை அப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்து, நான் அவளை இறுகக் கட்டிக்கொண்டு தேம்பினேன்.