கரையில் நின்ற மாணவன்

நாற்பத்தெட்டு வயதில் கடலியல் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தது என் தவறு. நண்பன் நஸீரையும் கூட்டிக்கொண்டு சேர்ந்தது அதைவிடப் பெரிய தவறு. கடலைக் காணாத மலைநாட்டு மாத்தளைக்காரர்களான எங்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. அதை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு, பலாபத்வலயில் அவன் வீட்டுக் கைகழுவும் பேசினில் முகத்தை முக்கி, வாயில் கவ்விய குழாய் வழியாக மூச்சுவிட மாறிமாறிப் பழகினோம்.

களப்பயிற்சியன்று, பவளப்பாறைக்குப் படகேறும் நேரத்தில் விரிவுரையாளர் கேட்டார்:

“மிதவைச் சட்டை ஒண்ணு குறையுது. யாராவது கரையில நிக்கிறீங்களா?”

நான் மணலைப் பார்த்தேன். நஸீர் என்னைக் காட்டினான்.

“சேர், மச்சானுக்கு நீந்தவே தெரியாதுங்க. பேசின்லயே மூச்சு முட்டுற ஆளு.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று விரிவுரையாளர் அவனைக் கேட்டார்.

“எனக்கா? நாவுல ஊர்க் குளத்துலயே வளந்தவன் சேர்!”

பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். செய்த சத்தியம் தடுத்தது. எல்லோருடைய செருப்புகளுக்கும் காவலாக உட்கார்ந்தேன்.

படகு திரும்பியதும் முதலில் குதித்தவன் அவன்தான். முகமெல்லாம் பெருநாள்.

“மச்சான், கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம் தண்ணிக்குள்ள கேக்குதுடா!”

விட்டுப் போனதைக்கூட மன்னித்துவிடலாம். அத்தனை பேர் இருக்க, அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவன் என்னைத் தேடி ஓடி வந்தானே, அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.